டீசல் காரின் நாடியைப் பிடித்துப் பாருங்கள்!

உடம்பு சரியில்லை என்று டாக்டரிடம் போகிறோம். அவர் முதலில் என்ன செய்கிறார்? கையை நீட்டச் சொல்லி நாடியைப் பார்க்கிறார்.

டீசல் காருக்கும் ஒரு நாடி உண்டு!

பானெட்டைத் திறந்தால், என்ஜினின் ஓரத்தில் ஒரு மெல்லிய கம்பி செருகப்பட்டிருக்கும். அதன் தலையில் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில் ஒரு வளையம் இருக்கும். அதுதான் "டிப் ஸ்டிக்". காரின் நாடி அதுவே.

லட்சக்கணக்கில் பணம் போட்டுக் கார் வாங்குகிறார்கள். தினமும் துடைத்துப் பளபள என்று வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்தக் கம்பியை ஒரு முறைகூட உருவிப் பார்க்காதவர்கள் பலர். அந்த அலட்சியத்துக்கு என்ன விலை கொடுக்க வேண்டும் தெரியுமா?

நடுவழியில் நின்ற கார்

ஒருவர் கடன் வாங்கி டீசல் கார் ஒன்றை வாங்கி, வாடகைக்கு ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் தவணை கட்ட வேண்டும். வீட்டுச் செலவும் அந்தக் காரில் இருந்துதான் வரவேண்டும்.

கல்யாண சவாரி கிடைக்கிறது. சென்னையில் இருந்து திருச்சிக்குப் புறப்படுகிறார். திண்டிவனம் தாண்டியதும் கண் எதிரே ஒரு சிவப்பு விளக்கு எரிகிறது. எண்ணெய்க் குப்பியைப் போலப் படம் போட்ட விளக்கு.

"இன்னும் கொஞ்ச தூரம்தானே, விழுப்புரத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓட்டுகிறார். சில நிமிடங்களில் என்ஜினுக்குள் "டொக், டொக்" என்று சத்தம். அப்புறம் ஒரு குலுக்கல். கார் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினாலும் என்ஜின் அசையவில்லை.

மெக்கானிக் வருகிறார். கம்பியை உருவிப் பார்க்கிறார். அதன் நுனியில் ஒரு சொட்டு ஆயில்கூட இல்லை.

"அண்ணே, கடைசியா எப்போ ஆயில் பார்த்தீங்க?"

"போன சர்வீசுல அவங்க பார்த்திருப்பாங்கப்பா."

அவ்வளவுதான்! பேரிங் தேய்ந்து, கிராங்க் ஷாப்டைப் பிடித்துக்கொண்டது. என்ஜினைப் பிரித்தாக வேண்டும். பல பத்தாயிரம் ரூபாய் செலவு. நாள்கணக்கில் வருமானம் கிடையாது. தவணைத் தேதி மட்டும் தவறாமல் வந்து நிற்கும்.

இத்தனையும் எதனால்? புறப்படும் முன் 5 நிமிடம் ஒதுக்காததால்!

டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர்

பெட்ரோல் காரில் தீப்பொறி தட்ட "ஸ்பார்க் பிளக்" இருக்கும். டீசல் காரில் அது கிடையாது. பிறகு எப்படித் தீப்பற்றுகிறது?

காற்றை மிகச் சிறிய இடத்துக்குள் நெருக்கினால் அது சூடாகும். சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பு சூடாவதைப் பார்த்திருப்பீர்கள். டீசல் என்ஜினில் காற்று 15 பங்குக்கும் மேலாக நெருக்கப்படுகிறது. அதன் வெப்பம் 500 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும். அந்த நேரத்தில் டீசலைப் பீய்ச்சினால், தானாகவே தீப்பிடிக்கும்.

இதைக் கண்டுபிடித்தவர் ருடால்ப் டீசல் என்ற ஜெர்மானிய என்ஜினீயர். 1858-ம் ஆண்டு பாரீசில் பிறந்தவர். 1897-ம் ஆண்டு ஜெர்மனியில் உள்ள ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய என்ஜின் வெற்றிகரமாக ஓடியது. 1913-ம் ஆண்டு செப்டம்பரில் கப்பலில் இங்கிலாந்துக்குப் போகும் வழியில் அவர் காணாமல் போனார். பிறகு கடலில் உடல் கிடைத்தது. அவர் எப்படி இறந்தார் என்பது இன்று வரை மர்மம்தான். பெயர் மட்டும் உலகம் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கிறது!

ஆயில் செய்யும் வேலைகள்

என்ஜின் நிமிடத்துக்கு 2 ஆயிரம் சுற்று சுற்றுகிறது என்றால், ஒவ்வொரு பிஸ்டனும் ஒரு வினாடிக்குள் 33 முறை மேலே போய்க் கீழே வருகிறது. இரும்பும் இரும்பும் நேராக உரசினால் என்ன ஆகும்? உரசாதபடி நடுவில் நிற்பது, தலைமுடியைவிட மெல்லிய ஆயில் படலம்.

வழவழப்பு கொடுப்பது மட்டும்தான் ஆயிலின் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். சூட்டைத் தணிக்கிறது. புகைக்கரியைக் கழுவி எடுத்து வருகிறது. துரு ஏறாமல் காக்கிறது. பிஸ்டன் வளையங்களின் இடைவெளியை அடைக்கிறது.

இப்போதைய டீசல் கார்களில் "டர்போ" இருக்கிறது. என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சிறு சக்கரம் இது. வேகமாக ஓடும்போது, நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதைத் தாங்குவதும் ஆயில்தான். ஆயில் குறைந்தால் முதலில் அடி வாங்குவதும் டர்போதான்.

ஆகவே, நெடுந்தூரம் வேகமாக ஓட்டி வந்ததும் என்ஜினை உடனே நிறுத்தாதீர்கள். ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு, பிறகு நிறுத்துங்கள்.

பார்ப்பது எப்படி?

இதற்குப் படிப்பு தேவை இல்லை. பழைய வெள்ளை வேட்டித் துணி ஒன்று போதும். வெள்ளைத் துணியில் ஆயிலின் நிறம் நன்றாகத் தெரியும். நூல் பிரியாத துணியாக இருக்கட்டும்.

1. காரை மேடு பள்ளம் இல்லாத சமதரையில் நிறுத்துங்கள். சரிவில் நின்றால் கம்பி பொய் சொல்லும்.

2. என்ஜினை நிறுத்தி 5 முதல் 10 நிமிடம் காத்திருங்கள். மேலே ஏறிய ஆயில் கீழே உள்ள தொட்டிக்கு வடிந்து வர வேண்டும். காலையில் வண்டியை எடுக்கும் முன்பும் பார்க்கலாம். சூடாக இருக்கும்போது பார்ப்பதா, ஆறிய பிறகு பார்ப்பதா என்பதைக் காருடன் வந்த புத்தகத்தில் போட்டிருப்பார்கள். அதன்படி செய்யுங்கள்.

3. கம்பியை உருவித் துணியால் துடையுங்கள். முதல் முறை தெரியும் அளவை நம்பக் கூடாது.

4. கம்பியை முழுவதும் செருகி, மறுபடியும் உருவுங்கள்.

5. நுனியில் இரண்டு குறிகள் இருக்கும். மேலே இருப்பது அதிக அளவு. கீழே இருப்பது குறைந்த அளவு. இரண்டுக்கும் நடுவில் ஆயில் நின்றால் கவலை இல்லை.

பல கார்களில் இந்த இரண்டு குறிகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம் சுமார் 1 லிட்டர். கீழ்க்குறிக்குப் பக்கத்தில் இருந்தால், மேலே உள்ள மூடியைத் திறந்து 200 மில்லி ஊற்றுங்கள். சற்றுப் பொறுத்து மறுபடியும் பாருங்கள். மொத்தமாகக் கவிழ்த்துவிடாதீர்கள்!

குறைந்தால்தானே ஆபத்து, கூடினால் என்ன என்று கேட்கலாம். கூடினாலும் ஆபத்துதான். சுழலும் கிராங்க் ஷாப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரை எப்படி இரும்பைக் காக்கும்?

மாதம் இரண்டு முறை பார்ப்பது நல்லது. நெடும் பயணத்துக்கு முன் கட்டாயம் பார்க்க வேண்டும். சில புதிய கார்களில் கம்பியே இருக்காது. அவற்றில் அளவைத் திரையில் பார்க்கலாம்.

கருப்பைக் கண்டு பயம் வேண்டாம்

"போன வாரம்தான் ஆயில் மாற்றினேன். அதற்குள் மை போலக் கருத்துவிட்டதே! ஏமாற்றிவிட்டார்களா?" என்று பட்டறைக்கு ஓடுகிறவர்கள் உண்டு.

டீசல் எரியும்போது புகைக்கரி உண்டாகிறது. அதைத் தன்னுள் இழுத்து வைத்துக்கொள்வது ஆயிலின் கடமை. ஆகவே டீசல் காரில் ஆயில் சீக்கிரம் கருப்பது இயல்பு. அது வேலை செய்கிறது என்று அர்த்தம்.

பயப்பட வேண்டியது வேறு சில அறிகுறிகளுக்கு.

பால் கலந்த காப்பியின் நிறத்தில் ஆயில் இருந்தால், அதில் தண்ணீர் கலந்திருக்கலாம். ரேடியேட்டர் தண்ணீர் என்ஜினுக்குள் கசிவதன் அடையாளமாக அது இருக்கக்கூடும். வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

விரலில் தேய்த்தால் நெருநெரு என்று இரும்புத் தூள் தட்டுப்பட்டால், உள்ளே ஏதோ தேய்கிறது.

ஊற்றாமலே அளவு கூடியிருந்தால், அதுதான் மிகப் பெரிய எச்சரிக்கை. ஆயிலோடு டீசல் கலந்திருக்கலாம். முகர்ந்தால் டீசல் வாடை வரும்.

புதிய கார்களில் ஒரு வடிகட்டி

ஆயிலில் டீசல் ஏன் கலக்கிறது?

2020-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் நாடு முழுவதும் "பி.எஸ்.6" என்ற புகை விதி அமலுக்கு வந்தது. அதன் பிறகு வந்த டீசல் கார்களில், புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று புகைக்குழாயில் இருக்கிறது. கரி நிறைந்ததும், கார் தானாகவே கூடுதல் டீசலைச் செலுத்தி, வடிகட்டியைச் சூடேற்றிக் கரியை எரித்துவிடும்.

ஆனால் கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டுமே கார் போனால், அந்தச் சூடு வருவதற்குள் என்ஜினை நிறுத்திவிடுகிறோம். கரி எரிவது பாதியில் நிற்கும். மிச்சம் உள்ள டீசல் மெல்ல ஆயிலில் இறங்கும். ஆயில் நீர்த்துப்போகும்.

ஆகவே ஊருக்குள் மட்டும் ஓடும் டீசல் காரை அவ்வப்போது நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோய், சீரான வேகத்தில் 20 நிமிடமாவது ஓட்டுங்கள். வடிகட்டிக்கான விளக்கு எரிந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

எந்த ஆயில் ஊற்றலாம்?

கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை எல்லாம் ஊற்றக் கூடாது. டப்பாவில் "5டபிள்யூ-30", "15டபிள்யூ-40" என்று எழுதியிருக்கும். முதல் எண், குளிரில் ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதைக் காட்டுகிறது. இரண்டாவது எண், சூட்டில் அதன் கெட்டித் தன்மையைக் காட்டுகிறது. உங்கள் காருக்கு எந்த எண் என்பது புத்தகத்தில் இருக்கும்.

புகை வடிகட்டி உள்ள காருக்குச் சாம்பல் குறைவாக விடும் தனி ஆயில் வேண்டும். வேறு ஆயில் ஊற்றினால் சாம்பல் வடிகட்டியை அடைத்துவிடும். கரியை எரிக்கலாம். சாம்பலை எரிக்க முடியுமா?

டப்பாவின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். காலி டப்பாவை நசுக்கிப் போடுங்கள். போலி ஆயில் அடைப்பவர்கள் கையில் அது சிக்கக் கூடாது.

சர்வீஸ் எப்போது?

இப்போதைய கார்களில் பலவற்றுக்கு 10 ஆயிரம் கிலோ மீட்டர் அல்லது 1 ஆண்டு, இதில் எது முதலில் வருகிறதோ அப்போது ஆயில் மாற்ற வேண்டும். பழைய என்ஜின்களுக்கு இதைவிடச் சீக்கிரமே மாற்ற வேண்டியிருக்கும்.

தினமும் 200 கிலோ மீட்டர் ஓடும் வாடகைக் காருக்கு 50 நாளிலேயே 10 ஆயிரம் வந்துவிடும்! ஆண்டுக்கு ஒரு முறை என்று அவர் உட்கார்ந்திருந்தால் என்ஜின் பிழைக்காது.

ஆண்டுக்கு 3 ஆயிரம் கிலோ மீட்டர் மட்டும் ஓட்டும் ஓய்வு பெற்றவரும், ஆண்டு முடிந்ததும் மாற்றத்தான் வேண்டும். நின்றுகொண்டிருந்தாலும் ஆயில் கெடும்.

ஆயில் மாற்றும்போது ஆயில் பில்டரையும் மாற்றுங்கள். அழுக்குச் சட்டியில் புதுப் பால் ஊற்றுவார்களா?

டீசல் பில்டரில் தேங்கும் தண்ணீரை வடிக்கச் சொல்லுங்கள். டீசலைப் பீய்ச்சும் கருவிகளில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2 ஆயிரம் கிலோ வரை போகும். அங்கே ஒரு துளி தண்ணீர் புகுந்தாலும் கெடுதல்தான். டைமிங் பெல்ட் உள்ள கார்களில், அதை மாற்றும் கெடுவைத் தவறவிடாதீர்கள். ஓடும்போது அது அறுந்தால், பல என்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி எல்லாம் நாசமாகும்.

பட்டறைக்குப் போகும்போது

இரண்டு நாள் முன்னதாகவே போன் செய்து நேரம் கேளுங்கள். எத்தனை கிலோ மீட்டர் ஓடியிருக்கிறது என்று சொல்லுங்கள். பண்டிகைக்கு முந்தின வாரம் கூட்டமாக இருக்கும். அதற்கு முன்பே போய்விடுங்கள்.

குறைகளை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். "வண்டி ஒரு மாதிரி இருக்குப்பா" என்றால் யாருக்கும் புரியாது. "காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை வருகிறது" என்றால் புரியும்.

எவ்வளவு செலவாகும் என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். "என்னைக் கேட்காமல் வேறு வேலை பார்க்க வேண்டாம்" என்று சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார்.

ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். காரை விற்கும்போது அந்த ரசீதுகளே நல்ல விலை வாங்கித் தரும்.

வண்டி வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் கம்பியைப் பாருங்கள். வண்டிக்கு அடியில் சொட்டு விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

நீங்களே ஆயில் மாற்றினால், பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அது நிலத்தையும் கிணற்றுத் தண்ணீரையும் கெடுக்கும். டப்பாவில் பிடித்து, கழிவு ஆயிலைச் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

சிவப்பு விளக்கு எரிந்தால்...

கடைசியாக ஒன்று. ஆயில் அளவு குறையத் தொடங்கியதும் சிவப்பு விளக்கு முன்னறிவிப்புக் கொடுக்கும் என்று நம்பாதீர்கள். ஆயிலின் அழுத்தம் போய்விட்டது என்று சொல்லும் விளக்கு அது. அது எரியும்போது காலம் கடந்திருக்கும்.

எரிந்தால் ஓரமாக நிறுத்துங்கள். உடனே என்ஜினை அணையுங்கள். கல்யாண முகூர்த்தம் தவறினாலும் சரி, ஒரு பர்லாங்குகூட ஓட்டாதீர்கள்.

கார் வீட்டு வாசலில்தான் நிற்கும். பழைய வேட்டித் துணி ஒன்றை எடுத்துக்கொண்டு போய், பானெட்டைத் திறந்து பாருங்கள்!