வழியோர இரவுகள் – 9: தரங்கம்பாடி

சென்னையிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் காரில் போகிறவர்களில் கெட்டிக்காரர்கள் விடியற்காலை நான்கு மணிக்கே கிளம்பி, திருச்சி, புதுக்கோட்டை என்று ஒரே ஓட்டமாக ஓட்டி, சாயங்காலம் கோயில் கோபுரத்தைப் பார்த்துவிடுவார்கள். வயதானவர்களும் பிள்ளைகளும் வண்டியில் இருந்தால் அது நடக்காது. கடற்கரைச் சாலையைப் பிடித்துக்கொண்டு, நடுவில் ஓர் இரவு தங்கிப் போவதுதான் சரி. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே இருட்டில் ஓட்டுவதும் உசிதமில்லை. அறுவடைக் காலத்தில் சாலையின் ஒரு பாதியில் நெல் காயும். ஓரத்துக்குக் கல் வைத்திருப்பார்கள். அந்தக் கல் பகலில்தான் கண்ணுக்குத் தெரியும்.

எங்கே தங்குவது என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் புதுச்சேரி என்பார்கள். நல்ல ஊர்தான். ஆனால் சென்னையிலிருந்து 150 கிலோமீட்டர். அங்கே படுத்து எழுந்தால் மறுநாளைக்கு நானூறு கிலோமீட்டர் பாக்கி நிற்கும். கும்பகோணம் என்பவர்களும் உண்டு. கும்பகோணத்துக்கு ஒரே ஓர் இரவை ஒதுக்குவது அந்த ஊருக்குச் செய்கிற அவமரியாதை. தாராசுரமா, சுவாமிமலையா, திருபுவனமா என்று காருக்குள்ளேயே பட்டிமன்றம் தொடங்கிவிடும். எதையும் உருப்படியாகப் பார்க்காமல் கிளம்புவோம். வேளாங்கண்ணிக்கு வேண்டுதலோடு போக வேண்டும், தூங்குவதற்காகப் போகக் கூடாது.

என் கணக்கு இது: வழியில் ஓர் இரவு தங்கும் ஊர், ஒரு சாயங்காலத்திலும் மறுநாள் காலையிலும் நடந்தே பார்த்து முடிக்கிற அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். காரை நிறுத்திவிட்டால் மறுநாள் கிளம்பும்வரை சாவியைத் தொடக் கூடாது. புகழ், நட்சத்திர விடுதி எல்லாம் அதற்கு அப்புறம்தான். இந்தக் கணக்குக்குத் தரங்கம்பாடியைப் போல் பொருந்துகிற ஊர் இந்தச் சாலையில் வேறு இல்லை. ராமேஸ்வரத்துக்கு அது ஏறத்தாழ பாதி வழி. காலை எட்டு மணிக்குச் சென்னையை விட்டால், சிதம்பரத்தில் சாப்பிட்டு, சீர்காழி, திருக்கடையூர் தாண்டி நான்கு மணிக்குள் போய்விடலாம்.

ஊருக்குள் நுழையும்போது ஒரு வெள்ளை நுழைவாயில் வரும். டேனிஷ்காரர்கள் 1792-இல் கட்டியது. அதற்கு அந்தப்பக்கம் ராஜ வீதி. வீதியின் மறுமுனையில் கடல். பழைய ஊர் என்பது பெரும்பாலும் இவ்வளவுதான். நுழைவாயிலிலிருந்து மணல்வரை நிதானமாக நடந்தாலும் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. அந்தப் பத்து நிமிடத்துக்குள் 1701-இல் எழுந்த சீயோன் தேவாலயம், 1718-இல் எழுந்த புதிய எருசலேம் தேவாலயம், பெரிய தூண்கள் வைத்த ஆளுநர் மாளிகை எல்லாம் வந்துவிடும். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று ஓவே கியெட்டே என்ற டேனிஷ் தளபதி 1620-இல் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. உள்ளே அருங்காட்சியகம் இருக்கிறது. சாயங்காலம் பூட்டிவிடுவார்கள் என்பதால் அறைக்குப் போய் முகம் கழுவுவதற்கு முன்பே அதைப் பார்த்துவிடுங்கள்.

புத்தகப் பிரியர்களுக்கு இந்த ஊரில் கொஞ்சம் கூடுதலாக வேலை உண்டு. ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு 1706-இல் இங்கே வந்து இறங்கினார். அப்போது அவருக்கு இருபத்துநான்கு வயதுகூட நிறையவில்லை. தமிழ் படித்தார், அச்சுக்கூடம் வரவழைத்தார். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு இங்கே அச்சாகி முடிந்தது. அச்சுக்குக் காகிதம் போதாமல் பக்கத்துப் பொறையாரில் காகித ஆலையே வைத்துப் பார்த்தார்கள். 1719-இல் இறந்தபோது, தான் கட்டிய புதிய எருசலேம் தேவாலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகாமல், கதவு திறந்திருந்தால் உள்ளே போய்ப் பாருங்கள்.

இவ்வளவு சரித்திரம் இருந்தும் ஊர் ஏன் பெருக்கவில்லை? வியாபாரம் கைவிட்டதுதான் காரணம். டேனிஷ்காரர்கள் 1845-இல் இந்தியாவில் இருந்த தங்கள் குடியேற்றங்களை ஆங்கிலேயருக்குப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்றார்கள். 1860-களின் தொடக்கத்தில் ரயில் நாகப்பட்டினத்துக்குப் போனது. கப்பலும் சரக்கும் அதன் பின்னாலேயே போயின. பிற்பாடு மயிலாடுதுறையிலிருந்து இங்கேயும் ஒரு மீட்டர்கேஜ் ரயில் வந்தது, 1986-இல் அதுவும் நின்றது. 2004 சுனாமி ஊரைக் கடுமையாக அடித்தது. அதற்குப் பிறகுதான் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கிற வேலைக்கு வேகம் வந்தது. ஊர்க்காரர்களுக்கு நஷ்டமாகப் போன இந்த வரிசைதான், ராத்திரி தங்க வருகிற நமக்கு ஹாரன் சத்தமில்லாத தெருவைக் கொடுத்திருக்கிறது. சங்கடமான உண்மை.

கிழக்குப் பார்த்த கடற்கரை என்பதால் காலையில் ஐந்தரைக்கு எழுந்துவிட வேண்டும். கோட்டைக்கு வடக்கே கரையோரமாக நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டியர் கட்டியது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோயிற்று. அலையைத் தடுக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். குளிக்க இறங்க வேண்டாம், பிள்ளைகளைக் கல் மேல் ஏறவும் விட வேண்டாம். தரங்கம்பாடிக் காற்றில் ஓசோன் அதிகம், நுரையீரலுக்கு நல்லது என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். ஓசோன் சுவாசிப்பதற்கு நல்லதல்ல; நல்லவேளையாக நமக்கு அங்கே கிடைப்பது வெறும் கடற்காற்றுதான். தாராளமாக இழுத்துக்கொள்ளலாம்.

எட்டு மணிக்குக் கிளம்பினால் காரைக்காலில் சிற்றுண்டி. பிறகு நாகூர், நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மீமிசல், தொண்டி, தேவிபட்டினம், ராமநாதபுரம். பாம்பன் பாலத்தில் வெளிச்சம் இருக்கும்போதே ஏறிவிடலாம்.

ஒரே குறை, தங்குமிடம். கடலோரத்துப் பழைய பங்களா ஒன்று விடுதியாக இயங்குகிறது. வாடகை சற்றுக் கூடுதல். மற்றபடி அறைகள் கொஞ்சம்தான். இரவுச் சாப்பாட்டுக்கும் ஊருக்குள் பெரிய தேர்வு கிடையாது, விடுதியிலேயே முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது. இடம் கிடைக்காவிட்டால் திருக்கடையூரில் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அறுபதாம் கல்யாண வீட்டார் அங்கே முன்பே அறைகளைப் பிடித்து வைத்திருப்பார்கள். சனி, ஞாயிறைத் தவிர்த்து, போன் செய்து அறையை உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள்.

அடுத்த வாரம், திருச்சி வழியில் போகிறவர்களுக்காக: கானாடுகாத்தான்.

(தொடரும்)