கசெட்டை எக்ஸ்ரே அழிக்காது

பசறைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: அம்மாயி பாடிய ஒப்பாரியும் மாரியம்மன் தாலாட்டும் பதிந்த கசெட்டுகளைச் சென்னைக்குக் கொண்டுபோய்க் கணினியில் ஏற்ற வேண்டும். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் எக்ஸ்ரே பட்டு எல்லாம் அழிந்துவிடாதா?

அழியாது. ஆனால் கேள்வி மிக முக்கியமானது. மலையகப் பாடல்களைச் சி.வி. வேலுப்பிள்ளை போன்றோர் தொகுத்து அச்சிலேற்றினார்கள், சொற்கள் தப்பின. அந்த மெட்டும், மூச்சு வாங்கும் இடமும், விம்மலும் இத்தகைய ஒலிநாடாக்களில்தான் இருக்கின்றன.

ஒலிநாடாவின் பழுப்புப் பூச்சு முழுக்க ஊசி வடிவ இரும்பு ஒட்சைட்டுத் துகள்கள். ஒவ்வொரு துகளின் காந்தத்தையும் தோட்டத்து மாரியம்மன் தேராக நினைத்துக்கொள்ளுங்கள். தேர் திரும்ப வேண்டுமானால் எல்லாரும் ஒரே திசையில் வடம் பிடிக்க வேண்டும். பதிவின்போது ரெக்கோடரின் காந்தத் தலை செய்வது அதைத்தான். இழுப்பு நின்றதும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை விழுகிறது. தேர் நின்ற திசையிலேயே நிற்கிறது. அம்மாயியின் குரல் இத்தனை வருடம் நிலைத்தது அந்த முட்டுக்கட்டையால். எக்ஸ்ரேயோ தேர்மேல் கொட்டும் ஆலங்கட்டி மழை. படபடவென விழும், அலங்காரப் பூ இரண்டை உதிர்க்கும், வடம் பிடிக்க அதற்குக் கை கிடையாது. உதிர்கிற பூ என்பது அணுவிலிருந்து சிதறும் இலத்திரன். அந்த இடத்தில் உடனே வேறொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். தேர் அசைவதில்லை.

வடம் பிடிக்கக்கூடியது காந்தம் ஒன்றே. சாதாரண ஒலிநாடாவின் முட்டுக்கட்டையைத் தகர்க்க ஏறத்தாழ 300 காஸ் புலம் வேண்டும். பூமியின் காந்தப்புலம் அரை காஸ் அளவுதான். நாம் நடந்து கடக்கும் உலோகங்காட்டி வாயிலின் புலமும் இந்த 300க்குக் கிட்டவே வராது. பெட்டியை நகர்த்தும் பட்டையின் மோட்டார்? சிறு காந்தத்தின் புலம் தூரம் இரட்டித்தால் எட்டில் ஒன்றாகச் சுருங்கும். சில அங்குல இடைவெளியே பெரிய காவல்.



எக்ஸ்ரேக்கு உண்மையில் பயப்பட வேண்டியது கழுவாத புகைப்படச் சுருள். அதிலுள்ள வெள்ளி உப்புப் பளிங்குகள் சிதறும் இலத்திரனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கழுவும்போது அது புகைமூட்டமாகத் தெரியும். பல விமான நிலையங்களில் வந்துவிட்ட புதிய சி.டி. ஸ்கேன் இயந்திரங்கள் இன்னும் கடுமையானவை. சுருளைக் கையில் எடுத்துக் கொடுத்து, கண்ணால் பார்த்துச் சோதிக்கும்படி கேளுங்கள். பென்டிரைவுக்கும் மெமரி கார்டுக்கும் கவலை வேண்டாம். கசெட்டுக்கென்று யாராவது ஈயப் பை விற்றால் வாங்காதீர்கள். அலுமினியத் தாளில் சுற்றுவதும் வீண். நிலையான காந்தப்புலம் அதை ஊடுருவிப் போகும்.

ஆபத்து விமான நிலையத்துக்கு முன்னாலேயே இருக்கிறது. லயத்து அறையில் ஸ்பீக்கர் பெட்டிமேல் வைத்த கசெட், காந்தப் பூட்டுள்ள கைப்பை, வெயிலில் நிற்கும் வேனின் முன்தட்டு, எல்லாவற்றுக்கும் மேலாக ஈரம். பசறை இருக்கும் பதுளைப் பகுதியில் வடகீழ்ப் பருவமழை மாதக்கணக்கில் நீளும். பூஞ்சை பிடித்த நாடாவை ஓட்டிப் பார்க்கவே வேண்டாம். தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்த பிறகே ஓட்ட வேண்டும்.

கசெட்டின் விளிம்பிலுள்ள இரு சிறு பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிடுங்கள். தவறி மேலே பதியும் ஆபத்து தீரும். கசெட்டுகளைத் துணியில் சுற்றி, தொலைந்துபோகக்கூடிய பெரிய பெட்டியில் போடாமல், காந்தப் பூட்டில்லாத கைப்பையில் வையுங்கள். எக்ஸ்ரேக்குப் பயந்து பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அடுத்த மழைக்கு முன் கிளம்புங்கள்.