உப்புத்தாளைத் தொடும் முன் சேசிஸ் நம்பரைப் பாருங்கள்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் பாகப்பிரிவினை என்றால் காடு, கிணறு, பனைமரம் வரை பத்திரத்தில் ஏறிவிடும். தாழ்வாரத்தில் சாக்கு மூடிக் கிடக்கும் தாத்தாவின் ஸ்கூட்டரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பழைய இரும்புக்காரரின் தராசுக்குத் தப்பிய வண்டி, கடைசியில் பேரன் கைக்கு வருகிறது. வந்த சூட்டோடு அவர் உப்புத்தாள் வாங்கித் துருவைத் தேய்க்க ஆரம்பிப்பார். அங்கேதான் வில்லங்கம்: வண்டி எது என்று சொல்லும் சேசிஸ் நம்பரும் துருவோடு சேர்ந்து தேய்ந்து போகலாம்.

அந்த ஸ்கூட்டர் இத்தாலிய வம்சமாக இருக்கலாம். இத்தாலிய வண்டி என்றதும் டுகாட்டி, மோட்டோ குஸ்ஸி என்று இன்றைய இளைஞர்கள் பெயர்களை அடுக்குவார்கள். நம் தெருக்களுக்கு இத்தாலி வந்தது ஸ்கூட்டராகத்தான். பியாஜியோவின் வெஸ்பா 1946-ல் வந்தது. மறு ஆண்டே மிலான் நகரில் ஃபெர்டினாண்டோ இன்னொசென்டி லாம்ப்ரெட்டாவை இறக்கினார். வெஸ்பாவுக்குத் தனிச் சட்டம் (ஃபிரேம்) கிடையாது. அழுத்தி வளைத்த தகட்டு உடம்பே பாரம் தாங்கும். இன்னொசென்டியோ இரும்புக்குழாய் செய்து பெரிய ஆளானவர். அவர் வண்டியைக் குழாய்ச் சட்டம்தான் தாங்குகிறது. பக்கத் தகடு இரண்டையும் கழற்றி வைத்துவிட்டே ஓட்டலாம்.

லாம்ப்ரெட்டா என்று தெரிந்துவிட்டால், சக்கரத்தையும் கியரையும் பாருங்கள். 8 அங்குலச் சக்கரமும் 3 கியரும் இருந்தால் பழைய எல்.டி. மாடல். 10 அங்குலமும் 4 கியரும் என்றால் 1958 முதல் வந்த எல்.ஐ. வகையறா. அதில் ஹெட்லைட் ஹேண்டிலோடு திரும்பாமல் முன்பக்கம் அசையாமல் நின்றால் அது முதல் வரிசை, சேகரிப்பாளர்கள் விடமாட்டார்கள்.

ஆனால் மாடல் இத்தாலியப் பெயர் என்பதால் வண்டியும் இத்தாலியில் செய்ததாகிவிடாது. 1950-களிலேயே பம்பாயின் ஆட்டோமொபைல் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா லாம்ப்ரெட்டாவை இங்கே பூட்டத் தொடங்கியது. 1972-ல் லக்னோவில் உருவான அரசு நிறுவனமான ஸ்கூட்டர்ஸ் இந்தியா, இன்னொசென்டியின் இயந்திரங்களையே விலைக்கு வாங்கிக் கொண்டுவந்தது. விஜய் சூப்பர் அந்த வழியில் பிறந்ததுதான். மிலானா, பம்பாயா, லக்னோவா? பெயிண்டை நம்ப முடியாது. பெயர்ப்பட்டையும் கடையில் கிடைக்கும். சட்டத்திலும் எஞ்சினிலும் அச்சடித்த சேசிஸ், எஞ்சின் நம்பர்களை ஆர்.சி. புக்கோடு ஒப்பிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

அந்த நம்பர் துருவில் மங்கியிருந்தால் மண்ணெண்ணெயும் பழைய பல் பிரஷும் போதும். துடைத்தபின் டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். நேரே அடித்தால் தெரியாத கோடு, பக்கவாட்டு வெளிச்சத்தில் நிழல் விழுந்து தெரியும். யாரோ அரத்தால் ராவியே எடுத்திருந்தாலும் கதை முடிந்துவிடவில்லை. எழுத்தச்சைச் சுத்தியலால் அடிக்கும்போது பள்ளத்துக்கு அடியில் உள்ள இரும்புப் படிகங்களும் நசுங்கி இறுகுகின்றன. மேல் எழுத்து போனாலும் இறுக்கம் உள்ளே இருக்கும். தடயவியல் கூடத்தில் அந்த இடத்தை மெருகேற்றி, காப்பர் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த கரைசலைத் தடவுவார்கள். நசுங்கிய பகுதியும் நசுங்காத பகுதியும் வெவ்வேறு வேகத்தில் அரிக்கப்பட, எண்கள் மங்கலாக மேலெழும். கிரைண்டர் அந்த ஆழத்தையும் தாண்டிவிட்டால் எந்த அமிலமும் உதவாது. டிங்கர் பட்டறையில் வண்டியை விடும்போது, நம்பர் உள்ள இடத்தைத் தேய்க்கக் கூடாது என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது. சேசிஸ் நம்பரை அழிப்பது சட்டப்படியும் தப்பு.

துரு விஷயத்தில் நம் வட்டாரத்துக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. காற்றில் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இரும்பு மெதுவாகத்தான் துருப்பிடிக்கும். ஆண்டில் பல மாதம் வறண்டு கிடக்கும் இந்தக் காற்றில், கடலோர ஊர் வண்டியைவிட மேல் தகடு நன்றாகவே தப்பிக்கும். ஏமாற்றுவது கரிசல் மண். அதிலுள்ள மாண்ட்மோரில்லோனைட் களிமண் தண்ணீரைக் குடித்து வீங்கும், லேசில் விடாது. ஐப்பசி மழையில் மட்கார்டு இடுக்கில் அப்பிய சேறு, வெளியே வெடித்துக் காய்ந்த பிறகும் உள்ளே ஈரத்தை வைத்திருக்கும். எனவே வண்டியைச் சாய்த்து, கால் வைக்கும் தகட்டின் அடியை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். மேலே பளிச்சென்று இருக்கும் வண்டி அடியில் பொலபொலவென உதிரலாம்.

எஞ்சின் இறுகியிருந்தால் கிக்கரை மிதித்துப் பலத்தைக் காட்டக் கூடாது. பிளக்கைக் கழற்றி எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவிடுங்கள். சுற்ற ஆரம்பித்தாலும் ஆயில் சீல்களை மாற்றாமல் ஓட்டாதீர்கள். டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறைதான் பெட்ரோல் கலவையை உறிஞ்சித் தள்ளும் பம்ப். மேக்னட் பக்கச் சீல் காய்ந்து விரிந்தால் வெளிக்காற்று கலந்து கலவை நீர்த்துவிடும்; எஞ்சின் கொதித்து பிஸ்டன் ஜாம் ஆகும். மறுபக்கச் சீல் போனால் கியர் ஆயில் உள்ளே இழுக்கப்பட்டு வெள்ளைப் புகை தள்ளும். ஃப்ளைவீல் விசிறிக்காற்றை சிலிண்டருக்குக் கொண்டுபோகும் தகரமூடியும் அவசியம். "எதுக்குண்ணே அந்தத் தகரம்?" என்று கழற்றி எறிந்த வண்டிகள்தான் சித்திரை வெயிலில் நடுரோட்டில் நிற்கும்.

கடைசியாகக் காகிதம். உரிமையாளர் காலமானால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, 3 மாதத்துக்குள் படிவம் 31-ல் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. 50 ஆண்டு கடந்து, அசல் வடிவம் மாறாத வண்டியை 2021 விதிகளின்படி விண்டேஜ் வாகனமாகப் பதியலாம்; புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது போன்ற காரியங்களுக்கு மட்டுமே சாலையில் இறக்க முடியும். திருச்சுழி சந்தைக்குக் காய்கறி வாங்கப் போக ஆசைப்படுகிறவர்கள் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்ள வழி உண்டா என்று முதலில் கேட்டுப் பார்க்கட்டும்.