17 வயசு பையன் கொலை வழக்கில் சிக்கினால் 3 வருஷம்தானா? சட்டம் சொல்வது என்ன?

"சின்னப் பையன்தானே, 3 வருஷத்துல வந்துடுவான்." டீக்கடை முதல் வாட்ஸ்அப் குரூப் வரை கேட்கும் பேச்சு இது. ஆனால் 2016 ஜனவரி 15 முதல் சட்டம் அப்படி இல்லை.

என்ன மாறியது?

2012 டெல்லி நிர்பயா வழக்கில் சிக்கிய சிறுவனுக்கு அதிகபட்சம் 3 ஆண்டுகளே விதிக்க முடிந்தது. அதற்கு எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு வந்ததுதான் சிறார் நீதிச் சட்டம், 2015. இதன்படி, 16 வயது நிரம்பியவர் கொடிய குற்றத்தில் சிக்கினால், பெரியவர்களைப் போல விசாரிக்கலாம். 16 வயதுக்குக் கீழ் என்றால் இப்போதும் அதிகபட்சம் 3 ஆண்டுகள்தான், அதுவும் சிறப்பு இல்லத்தில்.

எது கொடிய குற்றம்?

குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் உள்ள குற்றங்கள் மட்டும். கொலை இதில் வரும். போக்சோவில் பாலியல் வன்கொடுமையும் வரும். 17 வயசு பையனும் பெண்ணும் காதலித்து ஊரைவிட்டுப் போனால்கூட, இந்தப் பிரிவில் வழக்கு பாயலாம். 18 வயதுக்குக் கீழ் உள்ள பெண்ணின் சம்மதத்தைச் சட்டம் கணக்கில் எடுக்காது.

யார் முடிவு செய்வார்கள்?

உதாரணத்துக்கு, காடாம்புலியூரில் 17 வயது சிறுவன் பிடிபட்டால் அவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் கடலூர் மாவட்ட இளைஞர் நீதிக் குழுமத்தில் ஆஜர்படுத்த வேண்டும். ஒரு மாஜிஸ்திரேட், 2 சமூக சேவகர்கள் கொண்டது இந்தக் குழுமம். குற்றத்தைச் செய்யும் மன, உடல் திறன் இருந்ததா? விளைவு புரிந்ததா? எந்தச் சூழலில் நடந்தது? இந்த மூன்றையும் 3 மாதத்துக்குள் மதிப்பிட வேண்டும். இதில் உளவியல் நிபுணர் உதவி தேவை என 2022-ல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது.

பெரியவர்போல் விசாரிக்கலாம் என்று தோன்றினால், வழக்கு குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே நீண்ட தண்டனை கிடைத்தாலும் 21 வயது வரை ஜெயில் கிடையாது. 21-ல் திருந்தினானா என்று பார்த்து, விடுதலையா ஜெயிலா என நீதிமன்றம் முடிவு செய்யும். தூக்கு கிடையாது, வெளியே வரவே வழியில்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது.

பெற்றோர் கவனிக்க வேண்டியது

எல்லாமே வயதைப் பொறுத்தது. முதல் ஆதாரம் பள்ளிச் சான்றிதழ் அல்லது 10-ம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லாவிட்டால்தான் பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாவிட்டால் எலும்புப் பரிசோதனை. அதனால் ஸ்கூலில் சேர்க்கும்போது தோராயமாகப் போட்ட பிறந்த தேதி, பின்னாளில் பிள்ளையின் தலையெழுத்தையே மாற்றிவிடலாம். வக்கீல் வைக்க வசதி இல்லையா? இலவச சட்ட உதவிக்கு 15100-ஐ அழைக்கலாம்.