பருப்பில் காலை விட்டாச்சு!

உங்களுக்குத் தெரியுமா? ஹைதராபாத்தில் நாலு பேர் முன்னால் நீங்கள் அசடு வழிந்தால், ‘பப்புலோ காலேசாவ்!’ என்பார்கள். பருப்பில் காலை வைத்துவிட்டாயாம்! பந்தியில் இலை போட்டாச்சு, சுடச்சுடப் பருப்பு விழுந்தாச்சு, நெய்யும் ஊற்றியாச்சு. அதற்குள் ஒரு முழுப் பாதம்! எங்கே போய் மறைப்பீர்கள்?

அசட்டுத் தப்புக்கும் காலுக்கும் அப்படி என்ன சொந்தமோ! பிரெஞ்சுக்காரர்களின் ‘ஃபோ பா’ என்றால் பிசகிய அடி. ஜெர்மானியர் மிதிப்பது கொழுப்புக் கிண்ணத்தை. ஸ்பானிஷ்காரர் விடுவதோ விலங்கின் காலை. ஆங்கிலேயர் தங்கள் வாய்க்குள்ளேயே காலை விட்டுக்கொள்வார்கள். நம் ஊரில் யானைக்கே அடி சறுக்கும். ஆக, 6 மொழி, ஒரே கால்!

தமிழில் ‘தப்படி’ என்று ஒரு சொல் உண்டு. ‘ஃபோ பா’வுக்கு அச்சு அசல் மொழிபெயர்ப்பு மாதிரியே இருக்கிறதா? கிடையவே கிடையாது! நாலு தப்படி என்றால் வெறும் நாலு எட்டு!

சின்னஞ்சிறு ‘தப்பு’க்குள் எத்தனை பொருள் பாருங்கள். பிழை என்றாலும் தப்பு. பிழைத்து ஓடு என்றாலும் தப்பு. தஞ்சாவூர்ப் பக்கம் அடிக்கிற பறையும் தப்பு! தெலங்கானாவில் பிழை ‘தப்பு’, பறை ‘டப்பு’. ஓர் எழுத்தில் இரண்டையும் பிரித்துவிட்டார்கள்!

ஹைதராபாத்தில் தமிழர்களை அதிகம் கவிழ்க்கிற சொல் எது என்று என்னைக் கேட்டால், ‘அவசரம்’ என்பேன். ஒரு வேலையைப் பற்றி மேனேஜர் ‘அவசரம் லேது’ என்கிறார். சென்னையிலிருந்து வந்த பிள்ளைக்கு ஒரே குஷி. சாவகாசமாக 3 நாள் உட்கார்ந்து, படமெல்லாம் போட்டு, அழகாக முடித்துக் கொண்டுபோய் நீட்டுகிறார். மேனேஜர் திருதிருவென்று விழிக்கிறார். ஏன் தெரியுமா? தெலுங்கில் அவசரம் என்றால் தேவை! ‘அது வேண்டாம்ப்பா’ என்றுதான் அவர் அன்றைக்கே சொல்லியிருந்தார்!

இந்தியில் ‘சிக்ஷா’ என்றால் கல்வி. தெலுங்கில் ‘சிக்ஷ’ என்றால் தண்டனை! இரண்டு மொழியும் ஒரே தெருவில் புழங்குகிற ஊர் இது!

அதைவிடப் பெரிய வெடி ஒன்று இருக்கிறது. வீட்டு வாசலில் நின்று தெலுங்கர் வாய் நிறைய ‘ரண்டி, ரண்டி’ என்று அழைப்பார். ‘வாங்க, வாங்க’ என்று அர்த்தம். அத்தனையும் மரியாதை! ஆனால் இந்தி மட்டுமே தெரிந்த விருந்தாளியின் காதில் விழுவது, வீட்டுக்குள் சொல்லவே கூடாத வசவு!

‘செப்பு’ என்றால் தமிழில் தாமிரம், சிமிழ், இலக்கியத்தில் ‘சொல்’. தெலுங்கிலும் ‘சொல்’தான். கூடவே இன்னொரு பொருள்: செருப்பு!

‘சொதப்பல்’ நம்மிடம் பட்டி தொட்டியெல்லாம் புழங்குகிறது. 2012-இல் ‘காதலில் சொதப்புவது எப்படி’ என்று படத்தலைப்பிலேயே ஏறி உட்கார்ந்தது. அதே படம் அதே ஆண்டு தெலுங்கிலும் வந்தது. அங்கே தலைப்பு என்ன தெரியுமா? ‘லவ் ஃபெயிலியர்’! சொதப்பல் எல்லை தாண்டவே இல்லை!

கேலி தாங்காமல் முகம் தொங்கிப் போனால் ஹைதராபாத்காரர் தோளைத் தட்டி ‘லைட் தீஸ்கோ’ என்பார். விளக்கைத் தேடாதீர்கள். லேசாக எடுத்துக்கொள் என்கிறார்!

சரி, பருப்பில் காலை விட்டது என்றைக்கு? பழைய ஊர்க்காரரிடம் கேட்டுப் பாருங்கள். தக்கனி உருதுவில் ‘பர்ஸோ’ என்பார். ஊருலகத்துக்கெல்லாம் அது முந்தாநாள். ஹைதராபாத்தில் மட்டும் போன வாரமாகவும் இருக்கலாம், 10 வருடத்துக்கு முன்பாகவும் இருக்கலாம்!