காதில் கோளாறு இல்லை, ஆனால் வலி தீரவில்லை: தாடை மூட்டையும் கவனியுங்கள்



"காதுக்குள் குத்துகிறது", "தண்ணீர் போன மாதிரி அடைத்துக்கொண்டிருக்கிறது", "கொய்ங் என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது" என்று காது டாக்டரிடம் போகிறோம். அவர் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "ஜவ்வு நன்றாக இருக்கிறது, சீழ் இல்லை, காதில் ஒரு கோளாறும் இல்லை" என்கிறார். அல்ஹம்துலில்லாஹ் என்று வீடு திரும்புகிறோம். ஆனால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. பிறகு அடுத்த டாக்டர், அடுத்த சொட்டு மருந்து என்று அலைச்சல் தொடங்குகிறது.

நம் டிரஸ்டுக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களிலும் இப்படிப்பட்டவை உண்டு. ஃபைலைப் புரட்டினால் விதவிதமான சொட்டு மருந்து, ஆன்டிபயாடிக், ஸ்கேன், போதாததற்கு ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய ரசீதும் இருக்கும். கடைசியில் யாராவது ஒரு டாக்டர் காதுக்கு முன்னால் விரல் வைத்து அழுத்தி, "இங்கேதானே வலி?" என்று கேட்டிருப்பார். நோய் காதில் இல்லை, தாடை மூட்டில் இருந்திருக்கும். இந்தச் செலவையும் அலைச்சலையும் குறைக்கவே இந்தக் கட்டுரை. இதே காது வலிக்குப் பின்னால் மிக அரிதாகப் பெரிய நோயும் இருக்கலாம். அதைத் தவறவிடாமல் இருப்பது எப்படி என்பதையும் கீழே சொல்லியிருக்கிறோம்.

தாடை மூட்டு எங்கே இருக்கிறது?

ஆள்காட்டி விரலைக் காதுத் துளைக்குச் சற்று முன்னால், கன்னம் தொடங்கும் இடத்தில் வைத்து, வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள். விரலுக்கு அடியில் ஓர் எலும்பு உருண்டு நகர்வது தெரியும். அதுதான் தாடை மூட்டு. இரண்டு காதுக்கும் முன்னால் ஒவ்வொன்று இருக்கிறது. பேச, மெல்ல, கொட்டாவி விட, குர்ஆன் ஓத என்று நாள் முழுவதும் இந்த மூட்டு வேலை செய்துகொண்டே இருக்கிறது.

மூட்டின் இரண்டு எலும்புகளுக்கும் நடுவில் மெத்தை போன்ற ஒரு சிறு தட்டு உண்டு. அது தன் இடத்தைவிட்டுச் சற்று விலகும்போதுதான் வாயைத் திறந்தால் 'டக்' என்று சத்தம் வருகிறது. வலியில்லாமல் சத்தம் மட்டும் வந்தால் பயப்பட வேண்டாம். எத்தனையோ பேருக்கு அப்படி உண்டு. அதற்கு மருத்துவமும் தேவையில்லை.

வலி தாடையில் என்றால் காது ஏன் வலிக்கிறது?

இரண்டு காரணங்கள். ஒன்று, அக்கம்பக்கம். மூட்டுக்கும் காதுக் குழாய்க்கும் நடுவில் இருப்பது மெல்லிய எலும்புச் சுவர்தான். இன்னொன்று, நரம்பு. முகத்துக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்பின் ஒரு கிளைதான் தாடை மூட்டுக்கும் போகிறது, காதுக் குழாயின் முன்பக்கத்துக்கும் போகிறது. ஒரே ஒயரில் இரண்டு வீட்டு மணி இருந்தால் எந்த வீட்டுக்கு ஆள் வந்தார் என்று தெரியாதல்லவா? அதுபோல மூளையும் வலி எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிய முடியாமல் காதில் வலி என்று எடுத்துக்கொள்கிறது.

காதுத் தொந்தரவுக்கும் தாடைக்கும் உள்ள இந்தத் தொடர்பை 1934-ஆம் ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரைச் சேர்ந்த காது மூக்கு தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன் விரிவாக எழுதினார். கடைவாய்ப் பல் இல்லாததால் தாடை பின்னால் போய் அழுத்துகிறது என்று அவர் சொன்ன காரணத்தைப் பின்னால் வந்தவர்கள் ஏற்கவில்லை. ஆனால் காது வலி என்று வருகிறவரின் தாடையையும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற பாடம் நிலைத்துவிட்டது.

யாருக்கு வருகிறது?

ஆண்களைவிடப் பெண்களுக்கு, அதிலும் 20 முதல் 40 வயதில் அதிகம். பல நேரங்களில் இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் காட்ட முடியாது. அடிபட்டது, மூட்டு வாதம், நீண்ட நேரம் வாயைத் திறந்து செய்த பல் சிகிச்சை, சூயிங்கம், கடினமான பண்டங்களை ஒரே பக்கமாக மெல்லுவது, தையல் வேலையில் நூலைப் பல்லால் கடித்து அறுப்பது என எல்லாமே மூட்டுக்குச் சுமைதான்.

இவை எல்லாவற்றையும்விட அதிகம் கவனிக்க வேண்டியது பல்லைக் கடிப்பது. சிலர் தூக்கத்தில் நறநறவென்று கடிப்பார்கள். சிலர் விழித்திருக்கும்போதே தம்மை அறியாமல் பல்லை இறுக்கிக்கொண்டிருப்பார்கள். கடன், பிள்ளையின் பரீட்சை, மகளின் கல்யாணம், வெளிநாட்டில் இருக்கும் கணவரிடமிருந்து போன் வராதது என்று மனதில் கவலை ஏறும்போது தாடையும் இறுகுகிறது. "இது வெறும் மனப்பிரமை" என்று யாரும் அதைத் தள்ளிவிடக் கூடாது. கவலை மனதில் இருந்தாலும், இறுகிப்போன தசையின் வலி உண்மையான வலிதான்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய அடையாளங்கள்

கீழே உள்ளவற்றில் இரண்டு மூன்று இருந்தால் தாடை மூட்டைச் சந்தேகிக்கலாம்.

- மெல்லும்போதும் கொட்டாவி விடும்போதும் காது வலி கூடுகிறது.
- காலையில் எழும்போது கன்னமும் பொட்டும் கனத்து வலிக்கின்றன.
- காதுக்கு முன்னால் அழுத்தினால், "இதே வலிதான்" என்று தோன்றுகிறது.
- வாயைத் திறக்கும்போது தாடை ஒரு பக்கம் கோணுகிறது, அல்லது நடுவில் மாட்டுகிறது.
- காது அடைத்த மாதிரி இருக்கிறது, ஆனால் பரிசோதித்தால் கேட்கும் திறன் சரியாக இருக்கிறது.

வாய் எவ்வளவு திறக்கிறது என்றும் பாருங்கள். உங்களுடைய நடு மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் மேல் கீழ் முன்பற்களுக்கு நடுவில் நுழைய வேண்டும். பெரியவர்களுக்கு ஏறக்குறைய 40 மில்லிமீட்டர் திறப்பது சாதாரணம்.

ஆனாலும் முதலில் ஒருமுறை காது டாக்டரிடம் காட்டிவிடுங்கள். காதில் கோளாறு இல்லை என்று அவர் சொன்ன பிறகுதான் தாடைக்கு வர வேண்டும்.

முதல் சில வாரங்கள் செய்ய வேண்டியவை

பெரும்பாலோருக்கு இந்த வலி எளிய கவனிப்பிலேயே சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில், குறைந்துவிடுகிறது.

1. பல்லைப் பிரித்து வையுங்கள். உதடு சேர்ந்திருக்கலாம், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேர்ந்திருக்கக் கூடாது. சாப்பிடும்போதும் விழுங்கும்போதும் மட்டுமே அவை தொட வேண்டும். இதை ஞாபகப்படுத்த நமக்கு நல்ல வழி இருக்கிறது. பாங்கு கேட்கும் ஒவ்வொரு வேளையும், "பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேனா?" என்று பார்த்து, தாடையைத் தளர விடுங்கள்.

2. இரண்டு வாரம் மெதுவான சாப்பாடு. இட்லி, இடியாப்பம், குழைந்த சோறு, மீன் போதும். முறுக்கு, கரும்பு, எலும்பு கடிப்பது, சூயிங்கம் வேண்டாம். ஹஜ்ஜுப் பெருநாள் கறியாக இருந்தால் நன்றாக வேகவைத்துச் சிறு துண்டாக்கிச் சாப்பிடுங்கள். ரமலானில் நோன்புக் கஞ்சி தாடைக்கு நல்லது. மொறுமொறு சமோசாவைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

3. வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, கன்னத்திலும் காதுக்கு முன்னாலும் பத்துப் பதினைந்து நிமிடம் ஒற்றடம் கொடுங்கள். தினம் இரண்டு மூன்று முறை செய்யலாம்.

4. நாக்கின் நுனியை மேல் அண்ணத்தில் வைத்து, நாக்கு எடுபடாத அளவுக்கு மட்டும் வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள். ஒரு வேளைக்கு ஐந்தாறு முறை. வலி கூடினால் நிறுத்திவிடுங்கள்.

5. கொட்டாவி வந்தால் முடிந்தவரை அடக்கி, கையை வைத்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். தாடை வலிக்கு டாக்டர்கள் சொல்வதும் இதுவே: வாயைப் பெரிதாகத் திறக்காதீர்கள், தாடைக்குக் கீழே கையால் தாங்கிக்கொள்ளுங்கள்.

6. வலி மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே வாங்கி நாள்கணக்கில் விழுங்காதீர்கள். சர்க்கரை, பிரஷர், கிட்னிக் கோளாறு, அல்சர் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் எடுக்கவே கூடாது.

காதுக்குள் காய்ச்சிய எண்ணெய், பூண்டுச் சாறு எதையும் ஊற்றாதீர்கள். ஜவ்வில் ஓட்டை இருந்தால் சீழ் பிடிக்கும். ஹேர்பின், தீக்குச்சி, பட்ஸ் எதுவும் காதுக்குள் போகக் கூடாது.

அவசரப்படக் கூடாத சிகிச்சைகள்

இந்த முயற்சிகளுக்குப் பிறகும் வலி குறையாவிட்டால் பல் மருத்துவர் இரவில் போட்டுக்கொள்ள 'நைட் கார்டு' செய்து தரலாம். பிசியோதெரபியும் பலருக்கு உதவுகிறது. இவற்றை வேண்டாம் என்றால் நிறுத்திக்கொள்ளலாம்.

ஆனால் நல்ல பல்லைப் பிடுங்குவது, கடி சரியில்லை என்று பல்லைத் தேய்ப்பது, தாடை வலிக்காக மட்டும் வாய் முழுக்கக் கேப் போடுவது, கம்பி கட்டுவது, மூட்டில் ஆபரேஷன் ஆகியவை திரும்பப் பெற முடியாதவை. பல்லின் கடியை நிரந்தரமாக மாற்றும் சிகிச்சைகளைத் தவிர்க்கும்படி அமெரிக்க அரசின் தேசிய பல் ஆராய்ச்சி நிறுவனமே மக்களுக்கு அறிவுறுத்துகிறது. யாராவது இப்படிச் சொன்னால் இன்னொரு டாக்டரிடமும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

தாமதிக்கவே கூடாத அடையாளங்கள்

கீழே உள்ளவை இருந்தால் தாடை வலி என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

- ஒரு காது திடீரென்று கேட்காமல் போவது. அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.
- காதில் சீழ் அல்லது இரத்தம், காய்ச்சல், காதுக்குப் பின்னால் வீக்கம், முகம் ஒரு பக்கம் கோணுவது.
- சர்க்கரை நோயுள்ள பெரியவருக்குத் தூங்க விடாத காது வலி. எலும்பு வரை பரவும் கிருமித் தொற்றாக இருக்கலாம்.
- நடக்கும்போது, படி ஏறும்போது தாடையில் வலி. அல்லது நெஞ்சுப் பாரம், வியர்வை, மூச்சு வாங்கலோடு தாடை வலி. இது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.
- 50 வயதுக்கு மேல் புதிதாகப் பொட்டில் தலைவலி, மெல்லும்போது தாடை வலி, பார்வை மங்கல்.
- கொட்டாவி விட்டு வாய் மூட முடியாமல் நின்றுவிடுவது. வீட்டில் யாரும் அடித்தோ இழுத்தோ பார்க்கக் கூடாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினில் வாழ்ந்த முஸ்லிம் மருத்துவர் அஸ்ஸஹ்ராவி, விலகிய தாடையைச் சரிசெய்யும் முறையைத் தம் 'அத்தஸ்ரீஃப்' நூலில் எழுதியிருக்கிறார். அன்றும் இன்றும் அது பயிற்சி பெற்ற கையின் வேலை.
- ஒரு பக்கக் காது வலி மூன்று வாரம் தாண்டியும் போகாமல், கூடவே விழுங்கும்போது வலி, குரல் கம்மல், கழுத்தில் கட்டி, ஆறாத வாய்ப்புண், உடல் மெலிவு.

வெற்றிலை பாக்கு போடுகிறவர்கள் கவனத்துக்கு

கடைசியாகச் சொன்ன அடையாளத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாக்கின் அடிப்பகுதியிலும் தொண்டையிலும் புற்று இருந்தால் அங்கே வலிக்காமல் காதில் வலிக்கக்கூடும். அந்த இடங்களுக்குப் போகும் நரம்புகளும் காதுக்குக் கிளை அனுப்புகின்றன. காதைப் பார்த்தால் சுத்தமாக இருக்கும். ஆகவே புகையிலை, பாக்கு, பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவருக்கு "காதில் ஒன்றுமில்லை" என்று சொன்னால், "வாயையும் தொண்டையையும் பார்த்துச் சொல்லுங்கள்" என்று நீங்களே டாக்டரிடம் கேளுங்கள்.

இன்னொன்று, வாய் திறப்பு குறைவது. பாக்கை மென்றுகொண்டே இருந்தால் கன்னத்தின் உட்பக்கம் வெளுத்து, நார் போல இறுகி, வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க முடியாமல் போகும். காரம் பட்டாலே எரியும். இதைத் தாடை மூட்டுப் பிடிப்பு என்று நினைத்து ஒற்றடம் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. இது புற்றாக மாறக்கூடிய நிலை. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் கூறியிருக்கிறது. குட்கா, புகையிலை கலந்த பான் மசாலாவுக்குத் தமிழ்நாட்டில் 2013-லேயே தடை அறிவிக்கப்பட்டது. ஆனாலும் நம் இளைஞர்கள் சிலர் சட்டைப் பையில் பாக்கெட் இருக்கிறது. நம் வீட்டுப் பெரிய உம்மாக்கள் சிலரின் தலையணைக்குப் பக்கத்தில் வெற்றிலைச் செல்லம் இருக்கிறது. வலீமா விருந்து முடிந்ததும் பீடா வைக்கும் வழக்கத்தையும் ஜமாஅத்தார் யோசிக்க வேண்டும்.

எங்கே காட்டுவது?

முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர். பிறகு பல் மருத்துவர். அதிலும் வாய், முகத் தாடை அறுவை நிபுணர் அல்லது ஓரல் மெடிசின் நிபுணர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது, பல் பிரிவுகள் இரண்டும் ஒரே வளாகத்தில் உண்டு. சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. போகும்போது பழைய சீட்டுகளையும், வலி எப்போது கூடுகிறது, எதைச் சாப்பிட்டால் வருகிறது என்ற குறிப்பையும் கொண்டுபோங்கள். டாக்டருக்கு அது பெரிய உதவி.

மருத்துவம் செய்துகொள்வது தவக்குலுக்கு எதிரானது அல்ல. செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். செலவுக்கு வழியில்லாதவர்கள் கடன் வாங்கும் முன், நகையை அடகு வைக்கும் முன், சீட்டுகளுடன் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். பெரிய சிகிச்சை ஒன்றைச் சொல்லியிருந்தால், இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்கவும் வழிசெய்வோம், இன்ஷா அல்லாஹ்.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக. ஆமீன்.

— செயலாளர்