தராசு முள்ளும் தாய் மனமும்

குழந்தை பிறந்த வீட்டுக்கு வருகிறவர்கள் பிள்ளையைக் கையில் வாங்கியதும் தங்கள் கைகளாலேயே நிறுத்துப் பார்த்துவிடுவார்கள். "புள்ள மெலிவா இருக்குதே, பால் காணாது போல" என்று ஒருவர் சொன்னால் போதும். அன்றிரவு அந்தத் தாய்க்கு நித்திரை வராது. மறுநாள் கடையிலிருந்து பால்மாப் பெட்டி ஒன்று வீட்டுக்கு வந்துவிடும்.

சாதாரண தரப் பரீட்சை முடிந்த விடுமுறையில் துணுக்காயில் என் ராத்தா வீட்டில் இரண்டு மாதங்கள் தங்கியிருந்தேன். மச்சான் அங்கே ஆசிரியராகக் கடமையாற்றுகிறார். அப்போது அவர்களின் மகளுக்கு ஒரு மாதம். அந்த வீட்டில் கண்டதையும், இப்போது உயிரியல் பாடத்தில் படிப்பதையும் சேர்த்து இக்கட்டுரையை எழுதுகிறேன். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளையின் நிறை மெதுவாகக் கூடினால் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒவ்வொரு வீடும் அறிந்திருப்பது நல்லது.

எது இயல்பு?

பிறந்த பிள்ளை முதல் சில நாட்களில் நிறை குறைவது இயல்பானது. பிறந்த நிறையில் நூற்றுக்குப் பத்துப் பங்கு வரை குறையலாம். இரண்டு கிழமைக்குள் அந்த நிறை திரும்பி வந்துவிட வேண்டும். அதன் பிறகு முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 முதல் 30 கிராம் வரை கூடும். நான்காம் மாதத்திலிருந்து வேகம் தானாகவே குறையும். பொதுவாக ஐந்து மாதமளவில் பிறந்த நிறை இரண்டு மடங்காகவும், ஒரு வயதில் மூன்று மடங்காகவும் ஆகும்.

முன்பு உலகில் பரவலாகப் பயன்பட்ட வளர்ச்சி வரைபுகள், பெரும்பாலும் புட்டிப்பால் குடித்த அமெரிக்கக் குழந்தைகளை நிறுத்து வரையப்பட்டவை. புட்டிப்பால் பிள்ளைகள் நான்காம் மாதத்துக்குப் பின்னரும் வேகமாக நிறை கூடுவார்கள். அதனால் தாய்ப்பால் பிள்ளைகள் பின்தங்குவது போல் அந்த வரைபுகள் காட்டின. உலக சுகாதார ஸ்தாபனம் பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் தாய்ப்பால் குடித்து வளர்ந்த பிள்ளைகளை ஆராய்ந்து 2006 இல் புதிய வரைபை வெளியிட்டது. நமது கிளினிக்குகளில் தரும் பதிவேட்டில் இருப்பது அந்த வரைபுதான். ஆகவே அடுத்த வீட்டுப் புட்டிப்பால் பிள்ளையோடு நம் பிள்ளையை ஒப்பிடுவது நியாயமல்ல.

பதிவேட்டின் நிறங்கள்

ஆண் பிள்ளைக்கு நீலம், பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு என்று தரப்படும் அந்தப் பதிவேட்டைப் பல வீடுகளில் தடுப்பூசித் திகதி பார்க்க மட்டுமே திறக்கிறார்கள். அதன் நடுவே வரைபு இருக்கிறது. பச்சைப் பகுதி நல்லது. இளம் பச்சை கவனிக்க வேண்டியது. செம்மஞ்சள் நிறைக்குறைவைக் காட்டுகிறது. சிவப்பு கடுமையான நிறைக்குறைவு.

புள்ளி எந்த நிறத்தில் விழுகிறது என்பதை மட்டும் பார்த்தால் போதாது; கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சிறிதாகப் பிறந்த பிள்ளை இளம் பச்சையிலேயே இருந்தாலும், கோடு வரைபுக்கு இணையாக ஏறிக்கொண்டே போனால் அது தன் அளவில் வளர்கிறது. நல்ல பச்சையில் இருந்த பிள்ளையின் கோடு தட்டையானாலோ கீழே சரிந்தாலோதான் யோசிக்க வேண்டும். முதல் மாதங்களில் ஒரு மாதத்துக்கு 500 கிராமுக்குக் குறைவாக நிறை கூடினால் பால் போதவில்லையோ என்று ஆராய வேண்டும்.

பால் சுரக்கும் விதம்

பிள்ளை உறிஞ்சும்போது தாயின் கபச்சுரப்பியிலிருந்து புரோலக்ரின், ஒட்சிற்றோசின் என்ற இரு ஓமோன்கள் வெளிவருகின்றன. புரோலக்ரின் பாலை உண்டாக்குகிறது. இரவில் அது கூடுதலாகச் சுரக்கும். ஒட்சிற்றோசின் உண்டான பாலை வெளியே தள்ளுகிறது. தாய் பயந்தாலும் கவலைப்பட்டாலும் வலியோடிருந்தாலும் இது தடைப்படும். மார்பில் பால் தேங்கி நின்றால் சுரப்பும் குறையும். எடுக்க எடுக்க ஊறும் கிணறு போலத்தான் இதுவும்.

பால்மாப் போத்தல் ஆபத்தாவது இங்கேதான். போத்தல் குடித்த பிள்ளை வயிறு நிறைந்து தூங்கிவிடும். மார்பில் உறிஞ்சுவது குறையும். பால் சுரப்பதும் குறையும். "பார்த்தீர்களா, பால் இல்லை" என்று இன்னொரு போத்தல் கரைப்பார்கள். இல்லாத குறை இப்படித்தான் உண்மையான குறையாகிவிடுகிறது.

துணுக்காயில் கண்டது

மருமகள் பிறந்தபோது 2.8 கிலோ. ஒரு மாதத்தில் 3.5 கிலோ. இரண்டாம் மாதம் 4 கிலோ மட்டுமே. கோடு இளம் பச்சையின் கீழ் விளிம்பை நோக்கிச் சாய்ந்திருந்தது. ராத்தாவின் முகமும் வாடிப்போனது. பால்மா வாங்கலாமா என்று வீட்டில் பேச்சு எழுந்தது.

குடும்பநல உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கே வந்தார். "தங்கச்சி, பிள்ளைக்குப் பால் குடுக்கேக்க நான் ஒருக்கா பாக்கட்டோ?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு ராத்தாவின் அருகில் பொறுமையாக அமர்ந்து பார்த்தார். பிள்ளை காம்பின் நுனியை மட்டும் பிடித்திருந்தது. அதனால்தான் ராத்தாவுக்கு வலி. பிள்ளைக்கும் பால் முழுமையாக வரவில்லை. வாய் அகலத் திறந்து, நாடி மார்பில் முட்டி, கீழுதடு வெளிப்புறம் மடிந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் போகும்படி பிள்ளையைப் பிடிக்கக் காட்டிக் கொடுத்தார்.

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். வன்னி வெயிலுக்குப் பிள்ளைக்குத் தாகம் எடுக்கும் என்று கரண்டியால் தண்ணீர் கொடுக்கப்பட்டிருந்தது. தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஆறு மாதம் வரை வேறு தண்ணீர் தேவையில்லை. இரவில் சூப்பி கொடுத்துத் தூங்க வைத்ததால் இரவுப் பால் தவறியது. பகலில் விருந்தினர் வந்தால் எழுந்து அறைக்குள் போக ராத்தா கூச்சப்பட்டாள். பிள்ளை காத்திருந்து களைத்துத் தூங்கிவிடும். ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை குடிக்க வேண்டிய பிள்ளை ஐந்தாறு தடவைதான் குடித்திருந்தது.

தண்ணீரும் சூப்பியும் நிறுத்தப்பட்டன. ஒரு பக்கத்துப் பால் முழுவதும் குடித்த பிறகே மறுபக்கம். கடைசியில் வரும் பாலில்தான் கொழுப்பு அதிகம். குடித்த பின் மிச்சத்தைக் கையால் எடுத்துச் சிறு கோப்பையால் ஊட்டினோம். கிளினிக்கில் வைத்தியரும் பிள்ளையைப் பரிசோதித்து நோய் எதுவும் இல்லை என்றார். அடுத்த மாதம் அதே தராசில் 4.7 கிலோ. கோடு மீண்டும் ஏறியது.

எப்போது தாமதிக்கக் கூடாது?

எல்லாப் பிள்ளைக்கும் இதுவே போதும் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு கிழமையில் பிறந்த நிறை திரும்பாவிட்டால், ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறைவாகச் சிறுநீர் போனால் அல்லது அது கடும் மஞ்சளாக இருந்தால், பிள்ளை எழுப்பினாலும் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால், குடிக்கும்போது வியர்த்து மூச்சு வாங்கினால், காய்ச்சலோ தொடர்ந்த வாந்தியோ இருந்தால், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இதயக் குறைபாடு, சிறுநீர்த் தொற்று, நாக்கு ஒட்டியிருத்தல் போன்றவை காரணமாக இருக்கலாம். தாயின் தைரொயிட் குறைபாடும், சில குடும்பக்கட்டுப்பாட்டு மாத்திரைகளும் பாலைக் குறைக்கும். வைத்தியர் மேலதிகப் பால் அவசியம் என்று சொன்னால் அதைக் கொடுப்பது தாயின் தோல்வியல்ல.

வீட்டாரின் பங்கு

2016 ஆம் ஆண்டின் தேசிய கணக்கெடுப்பின்படி இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் மட்டுமே குடிக்கிறார்கள். இது பெருமைக்குரியது. இதைக் காப்பது தாய் ஒருத்தியின் வேலையல்ல. சூரத்துல் பகராவின் 233 ஆவது வசனம் பாலூட்டும் காலத்தைச் சொல்லும்போதே, அந்தத் தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பாகச் சொல்கிறது. பிள்ளைக்கோ தனக்கோ பாதிப்பு வரும் என்று அஞ்சும் தாய்க்கு றமழான் நோன்பிலும் சலுகை இருக்கிறது.

1990 இல் வடக்கை விட்டு வெளியேற்றப்பட்டுப் புத்தளத்து ஓலைக் குடிசையில் பிள்ளை வளர்த்த என் உம்மும்மா, "சோறு அரைவயிறு, பால் மட்டும் நிக்கல்ல" என்பார். துணுக்காயில் பக்கத்து வீட்டு அக்காவும் 2009 இன் இடம்பெயர்வைப் பற்றி இதையேதான் சொன்னார். தாய்க்கு நல்ல சாப்பாடு வேண்டும். முருங்கையிலையும் குளத்து மீனும் சுறா வறையும் அவளுக்குத் தெம்பு தரும். பாலைப் பெருக்குவது பிள்ளையின் வாயும் தாயின் நிம்மதியும்தான்.

அதனால் பெற்றோரே, தோழிகளே, பிள்ளை பார்க்கப் போகும்போது "மெலிவு" என்ற சொல்லை வாசலிலேயே விட்டுவிடுங்கள். தாய்க்கு ஒரு கோப்பை கஞ்சி கொண்டுபோங்கள். அவள் அறைக்குள் போய்ப் பாலூட்ட வழிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் பதிவேட்டைத் திறந்து கோட்டைப் பாருங்கள். குடும்பநல உத்தியோகத்தரைக் கூப்பிடுங்கள். பால்மாக் கடை எப்போதும் திறந்துதான் இருக்கும், அதற்கு அவசரமில்லை.